ஒன்பதாம் கேள்வி

புந்தா அரேனஸில் காற்று
ஆளைத் தள்ளிவிட்டுத்தான் பேர் கேட்கும்.
நான் அப்படியில்லை.
முதலில் பேர், பிறகு வயது, கைபேசி எண்,
அதற்கப்புறம்தான் முகத்தில் கை வைப்பேன்.

படிவத்தின் முதல் வரைவு என்னுடையதல்ல.
சாந்தியாகோவில் ஒரு பெரிய அழகு நிலையத்தில்
காத்திருந்தபோது மடித்துப் பைக்குள் போட்டது.
"உங்கள் சருமம் எண்ணெய்ப்பசையா, வறட்சியா?"
இங்கே யாரும் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை.
தோனியா ஒயார்சுன் எழுதினாள்:
"ஜன்னல் பக்கம் வறட்சி."
பள்ளி வேன் ஓட்டுகிறவள்.
சரிதான் என்று கேள்வியை அடித்துவிட்டு
வெறும் முகம் ஒன்று வரைந்து வைத்தேன்,
எங்கே என்று பேனாவால் காட்டட்டும்.

"வெயிலில் எத்தனை மணி நேரம்?"
சிரித்தார்கள். வெயிலா, இந்த ஊரிலா?
ஓசோன் மெலிந்த வானம்
குளிரக் குளிரவே தோலுரிக்கும் என்று
குழந்தைக்கும் தெரியும்.
ஆனாலும் கம்பளிக் குல்லாயோடு நின்றதை
வெயில் என்று எழுத யாருக்கும் கை வராது.
"வெளியே எத்தனை மணி நேரம்?" என்று மாற்றினேன்.
ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவர் பதினொன்று என்றார்,
படகுத்துறைக் காவலாளி
"வீடு எங்கே இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்டிருந்தார்.

ஒன்பதாவது, ஒவ்வாமை.
அதற்கு ஒரே ஒரு வரிதான் விட்டிருந்தேன்.

எலியானா பார்ரியா, முப்பத்துநான்கு.
தொழில்: நண்டு ஆலை, ஓடு உடைக்கும் வரிசை.
ஒன்பதில் ஒன்றும் எழுதவில்லை.
"இல்லை" என்றுகூட இல்லை.
காலி இடத்தை நானே "இல்லை" என்று வாசித்துக்கொண்டேன்.

புதிதாக வந்திறங்கிய முகப்பூச்சு,
மூடியில் நீல அலை, "ஆழ்கடல் ஈரம்."
பின்பக்கம் எறும்பு எழுத்தில் நண்டோட்டுச் சத்து.
நான்கு நிமிடம் ஆகியிருக்காது,
இமைகள் புளித்த மாவாய்ப் பொங்கிக் கண்ணை மூடின.

என் காரில் மருத்துவமனைக்கு.
அவள் மூச்சை எண்ணிக்கொண்டே திட்டுகிறேன்:
ஒரு சொல், ஒரே ஒரு சொல் எழுதியிருக்கக் கூடாதா?
தடித்த உதட்டால் கேட்டாள்:
"அந்தத் தாள் ஆலைக்குத்தானே போகும்?"

போகும்.
ஆலையின் நலச் சங்கம் பாதிப் பணம் கட்டுகிறது.
மாதக் கடைசியில் பில்லோடு படிவத்தையும்
சேர்த்து ஊசி குத்தி அனுப்புவேன்.
எல்லாம் ஒரே தாளில், எவ்வளவு சிக்கனம் என்று
அக்காவிடம் பெருமை வேறு பேசியிருக்கிறேன்.

நண்டு ஆகாதவளை நண்டு வரிசையில்
ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார்கள்.
கைக்கு இரண்டு உறை, படுக்கும் முன் ஒரு மாத்திரை,
ஆறு வருடம் ஓட்டியிருக்கிறாள்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில்
படிவத்தைக் குறுக்கே கத்தரித்தேன்.
மேல் துண்டு பணம். அது ஊர் சுற்றட்டும்.
கீழ்த் துண்டு தோல். அதன் தலையில்,
பேருக்கும் முன்னால் எழுதினேன்:
"வாசிப்பது தானித்சா மட்டும்.
இரும்பு அலமாரி. சாவி என் கழுத்தில்."
கீழே புதிதாக ஒரு கட்டம்: "சொல்ல விருப்பமில்லை."
அதில் குறி விழுந்தால்
வெந்நீரும் பருத்தித் துணியும் தவிர வேறெதையும் எடுப்பதில்லை.

"ஒன்பதுக்கு எதற்கு ஆறு வரி, காகிதம் வீண்"
என்றான் அச்சகத்து இக்னாசியோ.
அடி என்றேன்.

ஆகஸ்டில், பனி சறுக்கும் ஒரு சனிக்கிழமை,
எலியானா வந்தாள்.
புதுத் தாளை இரண்டு முறை படித்தாள்,
என் கழுத்தைப் பார்த்தாள்.
ஒன்பதில் பேனா வெகுநேரம் நின்றது.
பிறகு அந்தக் கட்டத்தில் குறி போட்டாள்.

எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.
வெந்நீர் வைக்க எழுந்தேன்.