ஆற்றுக்கு முதுகு காட்டி

மொண்டெவிடேயோவில் இதை ஆறு என்பார்கள்,
அக்கரை தெரியாது.
அதிலிருந்து வரும் காற்றுக்குத் தாள் என்றால் பிடிக்காது.
ஆகவே சுருட்டுகிறவன் ஆற்றுக்கு முதுகு காட்டி உட்காருவான்.
மற்ற நால்வரும் அவனைச் சுற்றிக்
கோட்டை விரித்துச் சுவராக நிற்போம்.
வியாழக்கிழமைகளில், டிப்போ மூடிய பிறகு.

இப்போது சட்டம் தடுக்கவில்லை.
யமண்டுவின் பால்கனியில் ஆறு செடிகள்,
பதிவு செய்தவை, பேர் வைத்தவை.
ஆனாலும் உள்ளங்கையைக் குவித்தே பற்றவைக்கிறோம்.
பழக்கம். அல்லது காற்று.

முன்பெல்லாம் சுருட்டியது எபெர்.
ஸ்டியரிங் பிடித்துத் தடித்த அந்த விரல்கள்
கஞ்சா இலையில் ஒரு காம்பை விட்டுவைக்காது.
விதை அகப்பட்டால் சட்டைப் பைக்குப் போகும்.
அன்றைய டிக்கெட் ஒன்றைக் கிழித்துச்
சுருளாக்கி வாய்ப்பக்கம் வைப்பான்.
பிறகு தாளின் ஓரத்தில் நாக்கை ஓட்டுவான்,
தபால் உறை ஒட்டும் குமாஸ்தா மாதிரி,
யாரையும் பார்க்காமல்.

விஷயம் அங்கேதான்.
அவன் நாக்கு போன இடத்துக்கு
ஐந்து பேர் உதடும் போகும்.
எச்சில் பார்க்காதவர்களுக்குத்தான் இந்த இடம்.
சுருட்டியவன் பற்றவைப்பான், இரண்டு இழுப்பு,
இடப்பக்கம் தருவான்.
கையில் வைத்துக்கொண்டு கதை அளப்பவனைச்
சுலேமா முழங்கையால் இடிப்பாள்.
வேண்டாதவர் வேண்டாம் என்று சொல்வதில்லை,
வாங்கி அடுத்த கைக்குக் கொடுப்பார்.
வாங்காமல் இருப்பதுதான் பெரிய சொல்.

ஜூனில் வேலைநிறுத்தம். பத்தொன்பது நாள்.
குளிரில் டயர் எரித்து வாசலில் நின்றோம்.
ஒன்பதாம் நாள் காலை ஒரு பேருந்து வெளியே வந்தது,
கண்ணாடிக்குப் பின்னால் எபெர்.
வாடகை பாக்கி, மகளின் பல்லுக்குக் கம்பி.
காரணம் எல்லோரிடமும்தான் இருந்தது.
கருங்காலி என்று முதலில் கத்தியது நான்.
நீபியா கத்தவில்லை.
பேருந்தின் முன்னால் போய் நின்றாள்,
வெகுநேரம், பிறகு நகர்ந்தாள்.
வேலைநிறுத்தம் முடிந்த மறுநாள்
அவளுக்கு மட்டும் கடிதம் வந்தது.

அப்புறம் ஆறேழு வியாழன்கள்
கடையில் விற்கும் தயார்க் குழலில் யமண்டு அடைத்துத் தந்தான்.
புகை வந்தது. பேச்சு வரவில்லை.

நேற்று எபெர் வந்தான்.
யாரும் மாத்தேக் குடுவையை நீட்டவில்லை.
அவனாகவே ஆற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து
வெறுங்கையை விரித்து வைத்துக்கொண்டான்.
யமண்டு அதில் பொட்டலத்தை வைப்பதற்குள்
இரண்டு பேருந்துகள் போய்விட்டன.
முதலில் கோட்டை விரித்தது யார் என்று
இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

சுருட்டினான். நாக்கை ஓட்டினான்.
பற்றவைக்காமல் நீபியாவிடம் நீட்டினான்.

வாங்கினாள்.
மூக்கருகே கொண்டுபோனாள்.
பிறகு நகத்தால் தாளைக் கீறித் திறந்து
இலையைத் தன் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டாள்.
டிக்கெட் சுருளைப் பிரித்து
லைட்டர் வெளிச்சத்தில் படித்தாள்:
தடம், கட்டணம், தேதி.
ஒன்பதாம் நாளின் தேதி.

கோட்டுப் பையில் தவறிக் கிடந்ததோ,
தேடி எடுத்து வந்தானோ.
அவன் முகத்தில் பதில் இருந்திருக்கலாம்.
நான் அவன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீபியா வேறு தாள் கேட்டாள்.
அவளுக்குச் சுருட்ட வராது, ஊரறிந்த சங்கதி.
எலி விழுங்கிய பாம்பாய் நடுவில் புடைத்து
ஒரு முனையில் உதிர்ந்துகொண்டிருந்தது.
அதே டிக்கெட்டைத் தேதி வெளியே தெரியும்படி வைத்தாள்.
தன் எச்சிலால் ஒட்டினாள்.
எபெரின் உதட்டில் செருகினாள், தீயும் அவளே வைத்தாள்.

இரண்டு இழுப்பு. இருமினான்.
அவனுக்கு இடப்பக்கம் நான்.
கோட்டை விரித்துப் பிடித்ததில்
என் கைகள் இரண்டும் வேலையாக இருந்தன.
வாயைத்தான் நீட்ட வேண்டியிருந்தது.