முந்நூறு சொற்களுக்குள்

"உங்கள் ஆய்வு ஆர்வம் எப்படிப் பிறந்தது?"
கேட்கிறது விண்ணப்பம்.
ஹெல்யா தட்டுகிறாள்:
சிறு வயது முதலே நன்னீர் ஏரிகள் மீது...
அழிக்கிறாள்.
சிறு வயதில் அவளுக்கு ஐஸ் ஹாக்கிதான் எல்லாம்.

முதுகலை முடித்து ஒன்பது குளிர்காலம்
கூசமோ நெடுஞ்சாலையில்
உப்பு லாரி ஓட்டியாயிற்று.
ஒரு மார்ச் இரவு, மூன்றரை மணி,
நடுரோட்டில் துருவ மான் ஒன்று
தாரை நக்கிக்கொண்டிருந்தது.
ஹாரனுக்கு அசையவில்லை.
என்ஜினை அணைத்ததும்
நாக்கின் சத்தம் கேட்டது,
பதினோரு நிமிடம்.

மான் நக்கியது போக
மிச்சம் எங்கே போகிறது?
பனி உருகும். சரிவு.
கீழே ஏரி.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றால்
ஏரி யாரை நினைக்கும்?

அதையே எழுதி அனுப்பினாள்,
நூற்றுப் பன்னிரண்டு சொல்.
மீதியை நிரப்பத் தெரியவில்லை.

பேராசிரியர் ரௌதியோவின் பதில்:
"பணம் இரண்டு வருடத்துக்குத்தான்.
மாதிரி எடுக்கப் போக
லாரி ஓட்டத் தெரிந்தவர் வேண்டும்."

அன்றிரவும் அவளுக்கு ஷிஃப்ட்.
பாலத்தருகே நிறுத்தி
உப்புத் தூவியின் திருகை
ஒரு சுற்றுக் குறைத்தாள்.
அடுத்த வளைவு நினைவுக்கு வர
மறுபடி கூட்டினாள்.