எண் மட்டும்

தங்கைக்குக் காப்பி மணக்காமல் போய்
வடசேரியில் எங்கள் வாசலுக்குத் தகரம் அடித்த அன்று
மணக்குடியிலிருந்து ஜெசிந்தா எழுதியிருந்தாள்:
பொழி உடைஞ்சாச்சு. உப்பும் நல்லதண்ணியும் முட்டுது.
மடவை துள்ளுறதப் பாக்க ஒரு ஆளில்ல.
அடுத்த வரி, அதே மூச்சில்:
எங்க ஊருல இன்னைக்குப் பதினெட்டு.

நாங்கள் நான்கு பேர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.
ஏதோ ஒரு தை மாதத்துப் பறவைக் கணக்கெடுப்பில்
கைபேசி எண்களாக ஒட்டிக்கொண்டவர்கள்.
தாணுலிங்கம் புத்தளத்து அளத்தில் கணக்கப்பிள்ளை,
மூடையை எண்ணிய வாயோடு நாரையையும் எண்ணுவார்.
தக்கலை மாஹீனுக்கு ரப்பர்,
மழைவிட்டால் நத்தை, நத்தை போனால் தவளை.
எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மொட்டைமாடி, காக்கை.

மாவட்டக் கணக்கை மாலையில் யாராவது போடுவோம்.
அதைத் தனியே விடுவதில்லை.
தொள்ளாயிரத்துச் சொச்சம் என்றால்
கூடவே ஒரு ஆமைக்குஞ்சாவது
கடல் வரை நடந்தாக வேண்டும்.

வைகாசியில் தாணுலிங்கம் எண் மட்டும் அனுப்பினார்.
94.
பூநாரையா, இன்னும் போகலியா, கொள்ளாமே என்றாள் ஜெசிந்தா.
மறுநாள் 91.
மூணு பறந்துட்டு என்றான் மாஹீன்.
நான் கைதட்டும் பொம்மை ஒன்று போட்டேன்.
88 வந்த இரவில் கீழே எழுத்தும் இருந்தது:
ஆசாரிபள்ளம், மூணாம் மாடி. விரல்ல மாட்டுற மெஷின் சொல்லுதாக்கும்.
அந்தக் கைதட்டலை அழிக்கப் போனேன்.
நேரம் கடந்துவிட்டது, அழியவில்லை.

பிறகு என்ன எழுதுவது?
ஜெசிந்தா அலைச்சத்தம் இரண்டு நிமிடம் அனுப்பினாள்,
நடுவில் ஒரு நாய்.
மாஹீன் நத்தைகளைப் பற்றி எழுதினான்:
உள்ளங்கை அகலம். பால் சிரட்டைக்குள்ள ஏறிக் கெடக்கு.
நாற்பத்தியொண்ணு பொறுக்கி உப்புப் போட்டேன்.
எங்க உப்பா, எனக் கட்டிலிலிருந்து கேட்டார் தாணுலிங்கம்.
மூன்று ஊரிலும் சிரித்தோம்.

என் பங்குக்கும் ஒன்று வந்தது.
தகரத்தைக் கட்டிய கம்பி நுனியில்
ஒரு தேன்சிட்டு கூடு தொங்கவிட்டது:
சிலந்தி நூல், முருங்கைப்பட்டைச் செதில்,
எங்கள் மாத்திரை அட்டையின் வெள்ளித் துணுக்கு.
ஊதாத் தேன்சிட்டு என்று தலைப்பிட்டுப் படம் அனுப்பினேன்.
பதினாலாம் நாள் ஆணி பிடுங்க இரண்டு பேர் வந்தார்கள்.
இன்னும் பத்து நாள் அடைத்தே வையுங்கள் என்றேன்.
ஒருவர் கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
காய்ச்ச மண்டைக்குக் கேறிற்றோ சாரே?
பிறகு இடப்பக்க ஆணிகளை மட்டும் கழற்றினார்.
ஆனி பாதிவரை
ஒருக்களித்தே வெளியே போய்வந்தோம்,
பால் வாங்க, பரிசோதனைக்கு, சும்மா தெருவில் நிற்க.

பத்தொன்பது நாள் கழித்துத் தாணுலிங்கம் எழுதிய முதல் வாக்கியம்:
தொண்டை வெளுப்பா இருக்கு பாரும்.
அது ஊதா இல்ல வோய், ஊதாப்பிட்டம். தலைப்பைத் திருத்தும்.
திருத்தினேன்.
இவ்வளவு சந்தோஷமாய் நான் எதையும் திருத்தியதில்லை.

ஆடியில்தான் மற்றது தெரிந்தது, யாரோ சொல்லி.
நத்தை எழுதிய அன்று காலை பதினொரு மணிக்கு
மாஹீனின் வாப்பாவை அடக்கியிருக்கிறார்கள்.
குழிக்கருகே போனவர்கள் நான்கு உறை மனிதர்கள்.
இவனை வேலிக்கு அப்பால் நிறுத்தியிருந்தார்கள்.
பிறகு வீட்டுக்குப் போகாமல் தோட்டத்துக்குப் போயிருக்கிறான்.
மேலே தள்ளித் தள்ளி அந்தச் செய்தியைத் தேடி எடுத்தேன்.
நாற்பத்தியொன்று.
ஒவ்வொன்றாகக் குனிந்திருக்கிறான்.
நாங்கள் போட்ட சிரிப்புகள் கீழே வரிசையாக நின்றன.

ஒருவரும் அவனிடம் அதைக் கேட்கவில்லை.
நேற்று மழை. தக்கலையிலிருந்து ஒரு வரி:
திரும்ப வந்திருக்கு.
எத்தனை, என்று உடனே கேட்டுவிட்டாள் ஜெசிந்தா.
இன்னும் பதில் இல்லை.
எண்ணிக்கொண்டிருக்கிறான் போல.