ஆட்டு மூக்கு, ஆறு மணி நேரம்

"மூக்கை மட்டும் வைத்து
என்னம்மா குழம்பு வைப்பாய்?"
சாட்ஸ்வொர்த் கறிக்கடையில் ஷவுகத்.
விளக்கினால் வரிசை நிற்கும். சிரித்து வைத்தேன்.
ஐஸ் பெட்டியில் நான்கு தலைகள்
வெஸ்ட்வில் மேட்டில் என்னோடு ஏறின.

வலிப்பில் இறுகிய பல்லுக்குள் மாத்திரை போகாது.
துள்ளும் கையில் நரம்பு பிடிபடாது.
ஃபீனிக்ஸ் க்ளினிக்கில் அந்தப் பையனைப்
பதினொரு நிமிடம் அமுக்கிப் பிடித்திருந்தோம்.
அவன் மூக்கு
திறந்தேதான் இருந்தது.

மருந்து தண்ணீருக்கு மசியாது.
எண்ணெய்க்கு மசியும்;
எண்ணெய் தண்ணீருக்கு மசியாது.
இடையில் நின்று இருவர் கையையும் பிடிக்க
ஒரு சோப்புச் சரக்கு, அதற்குத் துணையாகக் கொஞ்சம் சாராயம்.
எழுபத்தொரு குப்பிகள்.
பால், கலங்கல், கூழ், மறுபடி பால்.
முக்கோணத் தாளின் ஒரு மூலையில்
நகக்கண் அளவு இடத்தில் மட்டும்
கலக்காமலே கலந்து,
ஒன்றும் நடக்காததுபோல் தெளிந்து நின்றது.
சாய்த்துப் பார்த்தால் மெல்லிய நீலம்,
ஆடை எடுத்த பாலின் ஓரம் மாதிரி.
உள்ளே கண்ணுக்கு அகப்படாத எண்ணெய்த் துளிகள்,
மருந்தை மடியில் கட்டிக்கொண்டு.

நான்கு மணி நேரம் ஓடியபின் லோட் ஷெட்டிங்.
காந்தக் கலக்கி நின்றது.
தொட்டித் தண்ணீர் முப்பத்து நான்கிலிருந்து இறங்கியது.
ஜெனரேட்டர் இருக்கிறது. டீசல் இல்லை.
யுகேந்திரி ஒன்றும் பேசவில்லை.
டீக்கு வைத்திருந்த வெந்நீரைத் தொட்டியில் கவிழ்த்தாள்.
பழுதான கலக்கியைப் பிரித்துக் காந்தத்தை எடுத்து
கண்ணாடிக் கலத்தின் அடியில் பிடித்து
கையால் சுற்றினாள்.
வலக்கை, பிறகு இடக்கை, பிறகு என் கை.
அரை மணிக்கு ஒருமுறை
செல்போன் வெளிச்சத்தில் ஒரு சொட்டு எடுத்தோம்.
ஜன்னல் கம்பி வழியே ஒரு குரங்கு
அவள் சமோசாவை எடுத்துக்கொண்டு போனது;
விரட்ட ஒரு கையும் மிச்சமில்லை.

கரன்ட் வந்தபின் கருவி சொன்ன எண்ணை
இரண்டு முறை படித்தேன். நல்ல எண்.
மூக்குத்தோலைத் தாண்டி மருந்து வந்திருக்கிறது.
பக்கத்தில் எழுதினேன்:
'கடைசி இரண்டு மணி நேரம் கையால் சுற்றியது.'
எழுதியதும் அது கணக்கில் சேராமல் போயிற்று.
எழுதாமல் விட்டிருக்கலாம் என்று
யுகேந்திரி சொல்லவில்லை. நானும்.

அலமாரியில், ஒப்பீட்டுக்கு வைத்த சாதாரணக் கலவை
மேலே எண்ணெய் கட்டிப் பிரிந்து கிடந்தது.
அதன் அருகில் இது,
கரன்ட் போனதே தெரியாமல்.

ஷவுகத்துக்குச் செய்தி அனுப்பினேன்:
வரும் சனிக்கிழமையும் நான்கு.
"மூக்கு மட்டும்தானா? மூளை வேண்டாமா?"

'அங்கேதான் போக வேண்டும்' என்று தட்டி,
அழித்துவிட்டு,
'மூக்கு போதும்' என்றேன்.