மழைக்குச் சந்தா

எண்பத்தொன்பது குரோனர்.
பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
உயிரெழுத்தே இல்லாத ஒரு கம்பெனி.
பதினோரு மாதமாக, நாலாம் தேதி தவறாமல்.

பெர்கன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் துரீத்
முதலில் மகனைச் சந்தேகப்பட்டாள்,
பிறகு முகம் தெரியாத யாரையோ.
வங்கியை அழைத்து
இருபத்தாறு நிமிடம் பியானோ கேட்டாள்.

"இது திருட்டில்லை, துரீத்.
உங்கள் கட்டைவிரல்தான் சம்மதித்திருக்கிறது.
போன மே மாதம், அதிகாலை மூன்று பத்துக்கு."

மே மாதம்.
பதினேழு நாள் மழையே இல்லாத அதிசயம்.
ஊரே சட்டையைக் கழற்றிவிட்டு
ஐஸ்கிரீமுக்கு வரிசையில் நின்றது.
கூரையில் சத்தமில்லாமல்
இவளுக்கு மட்டும் தூக்கம் பிடிக்கவில்லை.
ஏழு நாள் இலவசம் என்றது ஒரு செயலி:
தகரத்தில் மழை, எட்டு மணி நேரம்.

பதினெட்டாம் நாள் அசல் வந்துவிட்டது.
இன்னும் விட்டபாடில்லை.

"ரத்து செய்யட்டுமா?"
அவன் குரலுக்குப் பின்னால் மழை கேட்கிறது,
இல்லை, இவள் ஜன்னலிலா?

கொல்லன் தெருவில் ஊசி வாங்கியவள்
சிரிப்பை அடக்கிக்கொண்டு கணக்குப் போடுகிறாள்.
தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது.
காற்றுக்கு மடங்காத
ஒரு நல்ல குடையின் விலை.