கடைசி ட்ரிப்

தெப்பக்காட்டில் வண்டி ஏறும்போதே கேட்டுவிடுவார்கள்.
இன்று கேட்டவர் ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர்.
முன்சீட்டுக்காக ஐந்நூறு ரூபாயை மடித்து
என் சட்டைப்பையில் திணித்தவர்.
"இருக்கறதுலயே எதுங்க டேஞ்சரு?"

புலி என்றால் சந்தோஷப்படுவார்கள்.
கொடுத்த காசுக்குப் பொருத்தமான பதில் அது.
பதினொரு வருடத்தில் நாற்பது தடவை பார்த்திருப்பேன்,
முப்பத்தெட்டு தடவை முதுகை.
விருந்தாளி வந்ததும்
உள்ளறைக்குப் போய்விடுகிற மாமனார் மாதிரி
எழுந்து, சோம்பல் முறித்து, மூங்கிலுக்குள் போய்விடும்.
மீதி இரண்டு தடவையைப் பற்றி
வண்டியில் பேசுவதில்லை.

கரடி என்றேன்.
பின்சீட்டில் சிரித்தார்கள்.
ஒரு சிறுமி தன் பையிலிருந்து கரடிப் பொம்மையை எடுத்து
எனக்குக் கண்ணாடியில் காட்டினாள்.
பொத்தான் கண்.
நான் கியரை மாற்றினேன்.

வாச்சர் கேத்தனுக்கு இடது கண் இருந்த இடத்தில்
இப்போது இழுத்துத் தைத்த தோல்.
புற்றுக்குள் மூக்கை விட்டு உறிஞ்சும்போது
அதற்கு உலகம் கேட்பதில்லை.
நாம் மிதித்த சருகு கேட்கும்போது
நடுவே ஆறடிதான் மிச்சம்.
கொல்ல வருவதில்லை அது,
பயந்து வருகிறது.
பயந்தவன் அடி முகத்தில்தான் விழும்.
கேத்தன் டீக்கடையில்
கிளாசை எப்போதும் வலப்பக்கமாக வைக்கச் சொல்வான்.
வேறெதுவும் சொல்ல மாட்டான்.

மாயாற்றுப் பாலம் தாண்டியதும் காட்டெருமை, ஏழு.
வெள்ளைக் காலுறை போட்டது போல நின்றன.
"அட, மாடுதானே" என்றார் ஈரோட்டுக்காரர்,
பாதி உடம்பை வெளியே விட்டு வீடியோ எடுத்தபடி.
கோத்தகிரிப் பக்கம்
தேயிலைக்குள் குனிந்திருந்த ஒருத்தியும்
மாடுதானே என்றுதான் நிமிர்ந்தாளாம்.
"உள்ள உக்காருங்க சார்" என்றேன்.
இரண்டாம் முறை, சார் இல்லாமல்.

அடுத்த வளைவில் ஒற்றைக் கொம்பன்.
பாதை அவனுடையது,
தார் மட்டும்தான் அரசாங்கத்துடையது.
நெற்றியோரம் ஒழுகி வாய்வரை ஈரம்.
காது ஆடிக்கொண்டிருக்கும்வரை
நமக்கும் மூச்சு ஓடும்.
காது நின்றது.
"ஹாரன் அடிங்க, ஹாரன்" என்று ஒரு குரல்,
குரலா அது, தொண்டையில் சிக்கிய நூல்.
அடிக்கவில்லை.
இஞ்சினை அணைக்கவும் இல்லை.
ரிவர்ஸில், நத்தை வேகத்தில், பின்னால் பார்க்காமல்
பதினொரு வருடத்தின் ஞாபகத்தை மட்டும் நம்பி
வளைவை ஒடித்தேன்.
தோளில் யாரோ நகத்தைப் பதித்திருந்தார்கள்.

அவன் ஒரு கிளையை முறித்தான்.
தின்னவில்லை. கீழே போட்டான்.
சரிவில் இறங்கிப் போனான்.

கைதட்டினார்கள்.
"செம ட்ரிப்புங்க" என்றார் ஈரோட்டுக்காரர்.
முகத்தில் ரத்தம் இன்னும் திரும்பவில்லை.
இன்னொரு நூறு கொடுத்தார்.

ஏழரைக்குச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு
பொக்காபுரம் விலக்கில் இறங்குகிறேன்.
இங்கிருந்து ஒரு கிலோமீட்டர்.
கதவு கிடையாது, ரிவர்ஸ் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது.
செல்போன் டார்ச், பேட்டரி நாலு சதவீதம்.
வலதும் இடதும் உன்னிப்புதர்.

கனகமணி வாசலில் நின்று தட்டைத் தட்டுவாள்.
ஒரு தட்டு என்றால் பலாமரத்தடியில் நிற்கிறது.
இரண்டு என்றால் கிணற்றுப் பக்கம்.
தட்டவில்லை என்றால் வரலாம்.

இன்று தட்டவில்லை.
ரிசார்ட்டில் பாத்திரம் முடியாமல்
அவள் இன்னும் வீடு வந்திருக்காவிட்டாலும்
தட்டுச் சத்தம் இருக்காது.

பலாப்பழ வாசனை காற்றில் வருகிறது,
யாரோ இப்போதுதான் பிளந்த மாதிரி.
கரடியாக இருந்தால் கேட்கட்டும் என்று
உரக்க இருமுகிறேன்.
யானையாக இருந்தால்
இருமியிருக்கக் கூடாது.