பத்துக் கிலோவுக்குக் கீழே

கல்லல் அரிசி ஆலையின் எடைமேடையில்
நெல் லாரிகளுக்கு நடுவே எங்கள் வண்டி.
இருதயராஜ் ஜன்னலுக்குள்ளிருந்து கேட்டார்:
"என்ன லோடு?"
ஸ்டீயரிங்கை விடாமல் வயிரவன் சொன்னான்: "வீடு."

கூரையில் மடித்த கூடாரம்,
வின்ச், இரும்பு பம்பர், குளிர்பெட்டி,
மணலில் புதைந்தால் சக்கரத்துக்கு இட இரண்டு பலகை,
இன்னொரு ஸ்டெப்னி,
பக்கவாட்டில் இருபது லிட்டர் கேன் இரண்டு.
2,870 என்றது சிவப்பு எழுத்து.
ஷோரூமை விட்டு வந்த அன்று 2,050.

"ஆளோடயா, ஆளில்லாமயா?"
நான் இறங்கினேன். 2,810.
நோட்டில் எழுதிக்கொண்டான், அறுபது,
குளிர்பெட்டிக்கும் ஸ்டெப்னிக்கும் நடுவே.
என் பையையும் டீத்தூள் டப்பாவையும்
இறக்கி வைத்துப் பார்த்தேன்.
எண் அசையவில்லை.
"பத்துக் கிலோவுக்குக் கீழ
என் மேடைக்குக் கண்ணு தெரியாதும்மா."

காலி வண்டி லிட்டருக்குப் பன்னிரண்டு தந்தது.
சுமையேற்றிய பிறகு எட்டு,
அதுவும் அறுபதைத் தாண்டாமல் ஓட்டினால்.
தேவகோட்டைச் சாலையில் எண்பதைத் தொட்டதும்
கூடாரம் காற்றை முட்டி ஊளையிடும்.
ஏழு.
காற்றுக்கும் சேர்த்தல்லவா டீசல் போடுகிறோம் என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
நாற்பது லிட்டர் டீசல் முப்பத்துமூன்று கிலோ,
அந்த முப்பத்துமூன்றைச் சுமக்க
எத்தனை லிட்டர் டீசல்?
இந்தக் கேள்வியோடு படுத்தவன்
விடியுமுன் கேன்களைக் காலியாக்கியிருந்தான்.

சித்திரை. கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை.
டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு
லோ கியரில் உள்ளே இறங்கினோம்.
பாளம் பாளமாக வெடித்த தரை,
கதவெங்கும் சீமைக்கருவேல் கீறல்,
ஒரு கண்மாய் தாண்டி அடுத்த கண்மாய்.
இன்னும் அறுபது கிலோமீட்டர் போகும் என்றது மீட்டர்.
அது நேற்றைய தார்ச்சாலையை நினைத்துச் சொல்கிறது
என்று எங்களுக்கு உறைக்கவில்லை.
இருபத்திரண்டாவது கிலோமீட்டரில்
இருமுறை இருமி நின்றது.

குளிர்பெட்டியில் மோர் இருந்தது.
குடித்தோம்.
வேறென்ன செய்ய.

வண்டல் அள்ள வந்த டிராக்டரிலிருந்து
சேவுகன் ஐந்து லிட்டர் இறக்கித் தந்தான்,
ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பி.
பக்கவாட்டுக் கேனைத் தட்டிப் பார்த்தான்.
"இதுல என்ன?"
"ஒண்ணுமில்லப்பா."
"ஒண்ணுமில்லாததையா
இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்தீக?"
ஐந்நூறு வாங்கிக்கொண்டான்.
சில்லறை இல்லை என்றான்.

கைப்பம்பை அமுக்கி அமுக்கி
எஞ்சினுக்கு மூச்சு வரவைத்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.
திரும்பும்போது நான் ஓட்டினேன், நாற்பதில்.
காலிக் கேன்கள் கடகடவென்று
வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தன.

புதுவயல் பங்கில்
"முதல்ல கேன்" என்று இறங்கினான் வயிரவன்.
டேஷ்போர்டில் கிடந்த நோட்டைப் புரட்டினேன்.
பலகை, பதினெட்டு. வின்ச், நாற்பத்திரண்டு.
கரண்டிக்குக்கூட எடை போட்டிருந்தான்,
வீட்டுத் தராசில்.
எடைமேடையில் அவன் இறங்கவே இல்லை என்பது
அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கடைசி வரிக்குக் கீழே எழுதினேன்:
டிரைவர்,
குத்துமதிப்பாகத் தொண்ணூறு.